தூக்காமல் ஏற ஒரு கார்

என் வேலை இடைவெளி பார்ப்பது. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில், வண்டி முழுசாக முடிந்து வெளியே போகிற வாசலில் நிற்கிறேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் எவ்வளவு சந்து, பானெட்டுக்கும் விளக்குக்கும் நடுவில் எவ்வளவு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவா என்று கேஜ் என்கிற அளவுத் தகட்டை விட்டுப் பார்ப்பேன். மூன்றரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நாலரை இருந்தால் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவேன். பன்னிரண்டு வருடமாக ஒட்டுகிறேன். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, பார்க்கிற விதம் கெட்டுவிட்டது. கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மேடைத் தூண்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கிறேன். மாமனார் வீட்டு பீரோவின் இரண்டு கதவுக்கும் ஆறு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம். அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இனிமேல் அந்த வீட்டில் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லக் கூடாது என்று மனைவி தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இப்படிப்பட்ட ஒருவன் வீட்டில் கார் செய்தால் எப்படி இருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்களோ, அப்படித்தான் இருந்தது. கடைசிச் சந்து வரைக்கும் அளந்துதான் செய்தோம். ஆனால் கார் தப்பாக வந்தது.

கார் என் அக்காவுக்காக. அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இரண்டு காலும் சூம்பிவிட்டன. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டை வைத்த காலிபர் போட்டிருப்பாள், கையில் ஊன்ற ஒரு கட்டை. எழுந்து நின்றால் முட்டியில் இருக்கிற பூட்டு டக்கென்று விழும். உட்கார வேண்டுமென்றால் அந்தப் பூட்டைக் கையால் தூக்கிவிட வேண்டும். பிள்ளைப்பாக்கத்தில் அப்பா கட்டிவைத்துவிட்டுப் போன வீட்டில் ஒரு பாதி அவளுக்கு, மறுபாதி எனக்கும் மனைவிக்கும். ஒரகடம் தாண்டி ஓர் எடை மேடையில் வேலை பார்க்கிறாள். லாரிகளை லோடோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை ஏற்றி எடை போடுவார்களே, அந்த இடம். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பாள். டிரெய்லர் ஓட்டி வருகிற ஆட்கள் அவளிடம் அடக்கமாகத்தான் நிற்பார்கள். ஒரு சக்கரம் மேடைக்கு வெளியே அரை அடி நின்றாலும் சீட்டு கிடையாது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம் என்பது அதில்தான் தெரியும்.

பின்சக்கரத்துக்கு இருபுறமும் கூடுதலாக இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் இருபது வருடமாக வேலைக்குப் போய் வந்தாள். போன மழைக்கு முந்தின மழையில், ஒரகடம் போகிற சாலையில் தண்ணீர் மூடியிருந்த ஒரு பள்ளத்தில் ஸ்கூட்டர் இறங்கிச் சாய்ந்துவிட்டது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி பிரேக் போட்டு நின்றது. நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

“எங்கக்கா அடி?”

“அடிலாம் இல்ல.”

“அப்ப ஏன் அழுவுற?”

“தூக்கினானுங்கடா. மூட்டய தூக்கற மாதிரி. கால ஒருத்தன், கைய ஒருத்தன். பொடவ எங்க கீதுன்னு கூட பாக்கல. நானே எழுந்துப்பேன், கட்டய மட்டும் எடுத்துக் குடுங்கன்னு கத்தறேன், ஒருத்தன் காதுலயும் வுழல.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நல்ல மனுசங்கதான். அதான் திட்டவும் முடில.”

அதற்குப் பிறகு மழை நாட்களில் ஸ்கூட்டர் வேண்டாம் என்று ஆயிற்று. கால் டாக்சி வைத்தோம். கார் சீட் என்பது காலை மடக்கிக் குனிந்து உள்ளே நுழைகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. காலிபர் போட்ட கால் அப்படி நுழையாது. ஆகவே ஒருவர் அவளைத் தோளில் பிடித்துத் தூக்கி உட்கார வைக்க, இன்னொருவர் காலை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். காலையில் வீட்டு வாசலில் ஒரு தடவை, சாயங்காலம் எடை மேடையில், லாரிக்காரர்கள் எல்லாரும் பார்க்க, இன்னொரு தடவை. நான் வீட்டில் இருந்தால் நான் தூக்கினேன். ஷிஃப்டில் இருந்தால் டாக்சிக்காரர் தூக்கினார். பத்து நாள் பொறுத்துக்கொண்டாள்.

“ஓனர்ட்ட சொல்லிட்டேன்,” என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது. “அடுத்த மழ வரைக்கும்தான் வருவேன், அதுக்குள்ள வேற ஆள் பாத்துக்கோங்கன்னு. தெனம் ரெண்டு வாட்டி ஏத்தி எறக்க நான் இன்னா பூசணிக்காயா?”

அந்த வேலையை விட்டால் அவள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். என் மனைவி செய்கிற சமையலை எடை போடுவாள். அதைவிட, ஆறே மாதத்தில் வாடிப்போவாள்.

“தூக்காம நீயே ஏறற மாதிரி ஒரு கார் செஞ்சா போவியாக்கா?” என்று கேட்டேன்.

“செய்யி. அடுத்த மழைக்குள்ள செய்யி. போறேன்.”

பேச்சு அவ்வளவுதான். இதைவிட விவரமாக நாங்கள் அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும்.

மணிமங்கலத்தில் ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மா பழைய சின்ன கார் ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டோம். பார்க்கப் போனபோது அக்கா எங்களுக்கு முன்னால் தன் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்திருந்தாள். நாங்கள் என்றால் நானும் என்னோடு வேலை செய்கிற இரண்டு பேரும். ஒருவர் வெல்டர், ஸ்ரீபெரும்புதூர்க்காரர், பதினைந்து வருடமாக வெல்டிங் ஷாப்பில். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கம். அவர் பதினொரு வருடமாக, வண்டிகள் நகர்ந்து வருகிற லைனில் ஒரே இடத்தில் நின்று முன்பக்க இடது கதவைப் பொருத்துகிறவர். இடது கதவு, முன்பக்கம். வேறு எதுவும் இல்லை. அந்தக் கதவைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டிவிடுவார்.

டாக்டரம்மாவின் கார் கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக். வெல்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. “இது வேணாம்பா. கியர் இல்லாத வண்டி வண்டியே இல்ல. ரிப்பேரு வந்தா எவனும் தொட மாட்டான்.”

“இதான் வோணும்,” என்றாள் அக்கா.

கியர் வண்டி என்றால் குலுங்கும், அதனால் கேட்கிறாள் போல என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிறுத்தினோம்.

மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். மூவரும் சேர்ந்து நிற்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதிலும் வெல்டர் மாதா கோயிலில் பூசை முடித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்து, அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். மற்ற நாட்களில் அவரவருக்கு நேரம் கிடைக்கிறபோது வந்து செய்வது. ஆகவே தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே ஒரு ஷிஃப்ட் நோட்டுப் போட்டோம். செய்தது என்ன, பாக்கி என்ன, எதைத் தொடக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போவோம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் என் கையெழுத்தில் மூன்று வரி. கஸ்டமர்: அக்கா. தேவை: தூக்காமல் ஏற வேண்டும். கெடு: மழை.

தொழிற்சாலையில் கஸ்டமர் லைனுக்குள் வருவதில்லை. கஸ்டமர் என்பவர் கடைசியில், பூவும் சாவியும் கொடுக்கிற நாளில் வருகிறவர். அதற்கு முன்னால் அவர் ஒரு தாள். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்தால் போதும். பன்னிரண்டு வருடத்தில் நான் ஒட்டிய ஒரு மஞ்சள் ஸ்டிக்கருக்கும் எந்தக் கஸ்டமரையும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அதே பழக்கம் கொட்டகைக்கும் வந்துவிட்டது. வந்தது எங்களுக்குத் தெரியவும் இல்லை.

முதல் ஞாயிறு, இடது கதவுக்காரர் காரைச் சுற்றி வரவில்லை. நேராக இடது பக்கம் போய், முன்கதவைத் திறந்து, கீலைத் தடவிப் பார்த்தார். “அண்ணே, இதை முழுசா தொண்ணூறு டிகிரிக்குத் திறக்க வச்சிரலாம்லா,” என்றார். சொன்னபடி செய்தார். கீலை அறுத்து, நீட்டி, வெல்டர் பற்றவைத்து, மூன்று மாதத்தில் கதவு வாசல் கதவு மாதிரி விரியத் திறந்தது. நான் சந்து பார்த்தேன். மேலும் கீழும் மூன்றரை. கடுகளவு வித்தியாசம் இல்லை. எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் பால் வாங்கி வரச் சொன்னாள்.

அடுத்து சீட். அது கதவு வழியாக வெளியே பார்த்துத் திரும்ப வேண்டும். அக்கா கட்டையோடு வந்து, முதுகைக் காட்டி, நின்ற நிலையிலிருந்து அப்படியே உட்கார வேண்டும். பூட்டைத் தூக்கிக் காலை மடக்கி, பாதத்தை ஒரு பலகையில் வைத்து, சீட்டைத் திருப்பினால் காலும் சேர்ந்து உள்ளே திரும்பிவிட வேண்டும். அந்தப் பாதப் பலகையைச் சீட்டோடு சேர்த்துப் பற்றவைத்தது வெல்டரின் மூளை. சீட்டுக்கு அடியில் பேரிங் வைத்த வட்டத் தகடு. முதலில் நடுவில் வைத்தோம், முட்டி கதவுத் தூணில் இடித்தது. தூணை வெட்டலாமா என்று கேட்டேன். “தூண வெட்னா கார் முறுக்கு மாதிரி நொறுங்கும். நான் வெட்ட மாட்டேன்,” என்று வெல்டர் முடித்துவிட்டார். தகட்டைத் தள்ளித் தள்ளி வைத்து, நாலாவது தடவை சரியாக வந்தது.

சோதிக்க வேண்டுமே. அக்காவைக் கூப்பிட எங்களுக்குத் தோன்றவில்லை. வெல்டர் இரண்டு காலிலும் மரச் சட்டங்களை வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு, என் அப்பாவின் பழைய குடையை ஊன்றிக்கொண்டு வந்து சீட்டில் விழுந்து பார்த்தார். எழுந்து மறுபடி விழுந்தார். நாற்பது தடவை விழுந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் நான் உயரம் அளந்து நோட்டில் எழுதினேன். அவருக்கும் அக்காவுக்கும் அரை அடி உயர வித்தியாசம் உண்டு, அதைக் கழித்துக்கொண்டேன். பத்தடி தள்ளி, சமையலறை ஜன்னலில், உண்மையான கால் இரண்டும் உண்மையான காலிபர் போட்டுக்கொண்டு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்காமல் இல்லை. “பிரேக்கு எப்டி கீது?” என்பாள். “சைடு கண்ணாடில பின்னாடி வர்றது நல்லா தெரியுதா?” என்பாள்.

“அதெல்லாம் உங்களுக்கு என்னத்துக்குக்கா?” என்றார் இடது கதவுக்காரர் ஒருநாள். “நீங்க ராணி மாதிரி வந்து உக்காந்தா போதும்.”

அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டிய இடம் அது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காரை ஒப்படைத்தோம். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கெடுவுக்கு முன்னால் முடித்துவிட்டோம் என்று வெல்டர் எல்லாருக்கும் லட்டு வாங்கி வந்திருந்தார். சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மனைவி சூடம் காட்டினாள். அக்கா புதுப் புடவை கட்டி, கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தாள். இடது கதவு விரிந்தது. சீட் வெளியே திரும்பியது. முதுகைக் காட்டி உட்கார்ந்தாள், பூட்டைத் தூக்கினாள், பாதத்தைப் பலகையில் வைத்தாள், பக்கத்தில் இருந்த கைப்பிடியைத் தள்ளினாள். சீட் அவளோடு உள்ளே திரும்பியது. கையை நீட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் அவளைத் தொடவில்லை. இடது கதவுக்காரர் கை தட்டினார். வெல்டர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டாள். நேராகப் பார்த்தாள். பிறகு வலது பக்கம் திரும்பி, ஸ்டியரிங்கைப் பார்த்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

“நல்லா கீது. இப்ப யாருடா ஓட்றது?”

“நான்தான்க்கா,” என்றேன். “நான் இல்லன்னா இவரு வருவாரு.”

“உனக்குக் காலம்பற ஷிஃப்டு. இவருக்கு மத்தியானம். அவருக்கு நைட்டு, ஞாயித்துக்கெழம பூசை.”

“ஒரு டிரைவர் வெச்சுக்கலாம்க்கா.”

“டாக்சிலயும் டிரைவர் இருந்தான்.” குரல் ஏறவே இல்லை. “டேய், இருபது வருஷமா நான் வண்டி ஓட்டிக்கினு கீறேன். என்னிக்காவது எவன் பின்னாடியாவது ஒக்காந்து போய் பாத்துகிறியா? ஏறணும்னு சொன்னேனே, ஏறி இன்னா பண்ணுவாங்க வண்டில? ஓட்டுவாங்க.”

எங்கள் மூன்று பேர் முகத்திலும் அசடு வழிந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்கப் போவதில்லை. “இத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று கத்திவிட்டேன்.

“நீ கேட்டியா? போர்டுல கஸ்டமர்னு எழுதி வெச்சுகிறியே, அந்தக் கஸ்டமர ஒரு வார்த்த கேட்டியா? அந்தாளு கால்ல கட்டை கட்டிக்கினு வுழுந்து வுழுந்து எழுந்துக்கறாரு. ஜன்னல்ல நான் நிக்கறேன். ஒருத்தனாவது கூப்ட்டியா?”

அவள் சீட்டைத் திருப்பி, தானே இறங்கி, கட்டையை ஊன்றி உள்ளே போனாள். இறங்குவதும் பிரமாதமாக வேலை செய்தது. லட்டுப் பெட்டி பானெட் மேல் இருந்தது. யாரும் தொடவில்லை.

“ரோட்டு ஓரம் இடது பக்கம்தானே வரும். எறங்கறதுக்குப் பாதுகாப்புன்னுதான் அந்தப் பக்கம் வெச்சோம்,” என்று வெல்டர் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பத்து மாதத்தில் எங்களில் ஒருவரும் அதை நினைத்ததே இல்லை. நான் ஷிஃப்ட் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். கீல், தகடு, உயரம், சந்து எல்லாம் இருந்தது. எந்தப் பக்கம் என்கிற கேள்வி ஒரு பக்கத்திலும் இல்லை.

“எனக்கு லெஃப்டுதானண்ணே தெரியும்,” என்றார் இடது கதவுக்காரர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “அதான் அங்கன போயி நின்னுட்டேன்.”

அவரை என்ன சொல்வது? அவர் நின்ற இடத்தில் வெல்டர் நின்றார், வெல்டர் நின்ற இடத்தில் நான் அளந்தேன். லைன் அப்படித்தான் நகரும். வெட்கத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. என் அக்காவைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், அவள் எங்கே உட்கார ஆசைப்படுவாள் என்பதைக்கூடத் தெரிந்துவைத்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் கொட்டகைக்குள் போனபோது அக்கா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பலகையில் என் மூன்று வரியும் இல்லை. ‘ஓட்டறது நான்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

வலது பக்கம் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டது. இடது கதவுக்காரரின் கை அந்தப் பக்கம் போனாலே தடுமாறியது. ஸ்பேனரை எடுக்கும்போதே உடம்பு தப்பான பக்கம் திரும்பும். கடைசியில் தன் இடது கீலை ஒரு தாளில் வரைந்து, தாளைத் திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்புறமாகப் பார்த்துப் பார்த்து வலது கீலைச் செய்தார். ஒரு மனிதன் தன்னையே முதுகுப் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்வதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் செய்தார். இந்தப் பக்கம் சீட்டைத் திருப்பினால் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. நான் கேஜை எடுத்து அளந்துகொண்டிருக்கும்போதே, “சீட்ட பின்னாடி தள்ளிட்டுத் திருப்பு. தள்ளி ரெண்டு விரக்கடை எறக்கு,” என்றாள் அக்கா நாற்காலியிலிருந்து. இறக்கினோம். இடிக்கவில்லை. இடது பக்கம் நாற்பது தடவை விழுந்து கண்டுபிடித்த உயரத்தை வலது பக்கம் அவள் மூன்று தடவை உட்கார்ந்து சொல்லிவிட்டாள். வெல்டர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

பிரேக்கில் விளையாடக் கூடாது என்பதில் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. கையால் ஓட்டுகிற அமைப்பைச் சென்னையில் அதையே தொழிலாகச் செய்கிற ஒருவரிடம் கொடுத்துப் பொருத்தினோம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பி. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்து, மாற்றத்தைப் பதிவு செய்து, அவளுக்கு லைசென்ஸும் எடுத்தோம். பழகியது பிள்ளைப்பாக்கத்துக்கு வெளியே, சாலை மட்டும் போட்டு வீடு கட்டாமல் கிடக்கிற மனைப்பிரிவுகளில். யாரோ ஒருவருடைய எதிர்காலச் சமையலறையில் ஓர் எல்லைக் கல்லைச் சாய்த்தாள். “மேடையில ஏத்தற டிரைவருங்கள இத்தினி நாளா ரொம்ப திட்டிட்டேன்டா,” என்றாள். மறுநாளும் திட்டினாள் என்று கேள்விப்பட்டேன்.

அவசரத்தில் செய்ததில் வலது கதவின் சந்து மேலே மூன்றரை, கீழே ஐந்தரை. இரண்டு மில்லிமீட்டர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசியது. ஐப்பசி பிறந்துவிட்டது, வானம் இருட்டிக்கொண்டு நின்றது, நான் கதவைக் கழற்ற ஆரம்பித்தேன்.

“இன்னா பண்ற?”

“சந்து சரியில்லக்கா. ஒரு வாரம் குடு.”

“தண்ணி உள்ள வருதா?”

“வராது. ரப்பர் வெச்சிருக்கு.”

“தொறக்குதா, மூடுதா?”

“அதெல்லாம் சரியாதான் இருக்கு. ஆனா பாக்க—”

“வுட்ரு.”

விட்டேன். என் வாழ்க்கையில் தெரிந்தே விட்ட ஒரே சந்து அது.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எனக்கு அந்த வாரம் மத்தியான ஷிஃப்ட். எட்டு மணிக்கு அக்கா டிபன் டப்பாவோடு வந்தாள். ஏறினாள், திரும்பினாள், கதவைச் சாத்தினாள். நான் கூட வருகிறேன் என்றதற்கு, “எதுக்கு?” என்று கேட்டாள். கார் தெருமுனை திரும்பியதும் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

இருநூறு அடி பின்னால் போனேன். என்ன பார்க்கப் போனேன் என்று கேட்டால் சத்தம் வருகிறதா என்று பார்க்க. உண்மையில் பயம். இருபக்கமும் டிரெய்லர்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போகிற சாலையில் என் அக்கா தனியாகப் போகிறாள், பள்ளங்கள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன. அவளைக் கண்ணில் வைத்துக்கொள்ளாமல் என்னால் வீட்டில் நிற்க முடியவில்லை. அவள் ஒழுங்காகத்தான் ஓட்டினாள். நான்தான் இரண்டு இடத்தில் வழுக்கினேன்.

ஒரகடம் நெருங்குகையில் அவள் சிக்னல் போட்டுச் சாலையை விட்டு இறங்கி, ஒரு டீக்கடை முன்னால் இருந்த காலி இடத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். நானும் பிரேக் போட்டேன். வலது கதவு விரிந்தது. சீட் வெளியே திரும்பியது. தூறலில், காலிபர் போட்ட கால் இரண்டும் பலகையில் நனைய, அக்கா சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

டீக்கடையில் ஒதுங்கியிருந்த இரண்டு பேர் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார்கள். ஒருவர் அவளுடைய தோளுக்குக் கீழே கையைக் கொடுக்கப் போனார். “இரும்மா, இரும்மா, தூக்கி வுடறோம்.”

அக்கா தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள்.

பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். “கை வெக்காதீங்க,” என்றேன். “அவங்க எறங்கல. என்னைத் திட்றதுக்கு வண்டிய நிறுத்திகிறாங்க. திட்டிட்டுப் போயிடுவாங்க.”

அவர்கள் இருவரும் நியாயம் என்பதுபோல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

“இன்னாத்துக்குடா பின்னாடியே வர?” என்றாள் அக்கா.

“சத்தம் எதுனா வருதான்னு—”

“கண்ணாடிய பாத்தா உன் மூஞ்சிதான் தெரியுது. உன்னப் பாக்கறதா, லாரியப் பாக்கறதா? எதுனா ஆச்சுன்னா போன் பண்றேன். பண்ணலன்னா ஒண்ணும் ஆவலன்னு அர்த்தம். வூட்டுக்குப் போ.”

“சரிக்கா.”

“தலைய தொவட்டு.”

கைப்பிடியைத் தள்ளினாள். சீட் உள்ளே திரும்பியது. கதவு சாத்திக்கொண்டது, மேலே மூன்றரை, கீழே ஐந்தரை. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் காரை நுழைத்துக்கொண்டு போனாள்.

தோளுக்குக் கை கொடுக்கப் போனவர் இன்னும் குழப்பமாகவே நின்றார். போகிற காரின் பின்பக்கக் கண்ணாடியையும் இடது பக்கத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். “ஏங்க, டிரைவர் எங்க?” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அவருக்கு அரை நிமிடம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பத்து மாதம் பிடித்தது.

“அதோ போறாங்களே,” என்றேன். “அவங்கதான்.”